செட்டிநாட்டில் எம்.எஸ்.டபிள்யூ களப்பணியை நடத்துவது எப்படி: ஒருங்கிணைப்பாளருக்கான முழு வழிகாட்டி

கல்லூரி திறந்ததும் எம்.எஸ்.டபிள்யூ (முதுகலை சமூகப்பணி) களப்பணி ஒருங்கிணைப்பாளரின் மேசைக்கு மாணவர் பட்டியல் வந்துவிடும். பக்கத்தில் போன வருடத்து நிறுவனங்களின் பட்டியல் இருக்கும். இரண்டையும் எதிரெதிரே வைத்துக் கோடு போட்டு, கடிதம் அடித்துக் கொடுத்து, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிற துறைகள் நிறைய உண்டு. அப்படிப் போகும் மாணவர் செமஸ்டர் முழுக்க அந்த அலுவலகத்துக்கு ரெஜிஸ்டர் எழுதிக் கொடுப்பார், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார், கடைசியில் ஒரு சான்றிதழோடு திரும்பி வருவார். மதிப்பெண்ணும் விழுந்துவிடும்.

சமூகப்பணிப் படிப்பு அப்படித் தொடங்கியதில்லை. 1936-ல் பம்பாயில் இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி உருவானதே நாக்பாடாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நடுவே இயங்கிய ஒரு சமூக மையத்தை ஒட்டித்தான். 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் தொடங்கிய பள்ளியும் தொண்டு வேலைகளுக்கு நடுவிலிருந்து வந்தது. வகுப்புக்கு முன்பே களம் இருந்தது. இன்றைக்கும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வாரம் 2 நாள், ஏறக்குறைய 15 மணி நேரம் களத்துக்கு ஒதுக்குகிறார்கள். அந்த மணி நேரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது ஒருங்கிணைப்பாளர் கையில்தான் இருக்கிறது. காரைக்குடியை மையமாக வைத்து நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஏப்ரல், மே: முதலில் வட்டாரத்தைப் பாருங்கள்

செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரருக்குக் கானாடுகாத்தான் அரண்மனை, ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் டைல்), கோழிக் குழம்பு. களப்பணிக்கு வேறு கண் வேண்டும்.

முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் பெரிய வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் எண்பது வயது ஆச்சி ஒருவரும் உதவிக்கு ஓர் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். வீடு பங்காளிகள் பலருக்கும் பொது. ஒழுகும் ஓட்டை மாற்றக்கூட எல்லாரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். எந்த நலத்திட்டக் கணக்கெடுப்பிலும் இந்த வீடு 'தேவை உள்ள வீடு' என்று வராது. ஆனால் தனிமை, மறதி நோய், மருந்து மாறிப் போவது, சொத்துப் பேச்சு, பார்த்துக்கொள்ளும் அம்மாவின் சம்பளம், அவருக்கே இருக்கும் வீட்டுக் கஷ்டம் என்று கேஸ் ஒர்க்குக்கு (ஒரு தனிநபரோடோ குடும்பத்தோடோ தொடர்ந்து செய்யும் பணிக்கு) வேண்டியதெல்லாம் அந்த ஒரே கூரைக்குள் இருக்கிறது.

அதே ஊரின் மறுபக்கம் கல் பட்டறைகள். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்ட்டும் போட்டுத் தட்டி, பிறகு தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். நாள் முழுக்க ஈரச் சிமென்ட்டில் கை. தோல் அரிப்பும் வெடிப்பும் வரும் வேலை அது. அங்கே எத்தனை பேர் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்கள், பதியாதவர்களுக்கு எது தடை என்று ஒரு மாணவர் கேட்டு வந்தாலே ஒரு செமஸ்டருக்கான வேலை கையில் வந்துவிடும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையின் நெசவாளர்கள், பலகாரம் சுட்டுக் கொடுக்கும் பெண்கள், பனையோலையில் கொட்டான் பின்னுகிறவர்கள், கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவர்கள், கண்மாயை நம்பி நிற்கும் ஊர்கள், கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள். இவை எல்லாம் உங்கள் வரைபடத்தில் வர வேண்டும்.

ஒரு பெரிய சார்ட்டில் ஊர்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன பிரச்சினை, யார் வேலை செய்கிறார்கள், எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்த மாவட்டம். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். செட்டிநாடு ஒன்றுதான், மாவட்டம் இரண்டு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கையில். பொன்னமராவதி, ராயவரம், அரிமளம் எல்லாம் புதுக்கோட்டையில். கலெக்டர் வேறு, கடிதம் வேறு, ஒப்புதல் வரும் வேகமும் வேறு.

2. நிறுவனத்தைவிட அங்கே இருக்கும் ஆளைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பெயர் பெற்ற தொண்டு நிறுவனத்தில் மாணவரைக் கவனிக்க ஆள் இல்லாவிட்டால் அங்கே கற்க ஒன்றும் இல்லை. ஓட்டுக் கட்டடத்தில் இரண்டு பேர் நடத்தும் முதியோர் இல்லத்தில், வாரம் ஒரு மணி நேரம் மாணவரோடு உட்கார்ந்து பேசும் ஒருவர் இருந்தால் போதும், அங்கே அனுப்பலாம்.

அந்த ஆளைக் கண்டுபிடிக்கப் போனில் பேசினால் போதாது. நேரில் போய் ஒரு காபி குடிக்கும் நேரம் உட்காருங்கள். பேச்சுவாக்கில் கேட்க வேண்டியவை:

- போன வருட மாணவர் என்ன செய்தார்? ("நல்ல பையன், சொன்ன வேலையைச் செய்வான்" என்பது மட்டுமே பதில் என்றால் கவனமாக இருங்கள்.)
- மாணவர் தனியாக ஒரு குடும்பத்தைத் தொடர்ந்து சந்திக்க விடுவீர்களா?
- நீங்கள் மாற்றலாகிப் போனால் அடுத்து யார் பார்த்துக்கொள்வார்கள்?
- மாணவர் ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினால் என்ன செய்வீர்கள்?

நான்காவது கேள்விக்கு முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மேற்பார்வையாளர் எம்.எஸ்.டபிள்யூ படித்தவராக இருந்தால் நல்லது. இந்த வட்டாரத்தில் எல்லா இடத்திலும் அது கிடைக்காது. இருபது வருடம் அங்கன்வாடி நடத்திய டீச்சரும் கிராம சுகாதாரச் செவிலியரும் சொல்லித்தரும் விஷயம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவர்களோடு மாணவரை விடுங்கள். அதைப் பாடத்தோடு முடிச்சுப் போடும் வேலையைத் துறை மேற்பார்வையாளரான ஆசிரியர் செய்யட்டும். ஒன்று மட்டும்: ஆண்டுக்கு ஒரு முறையாவது இவர்களைக் கல்லூரிக்கு அழைத்து, அரை நாள் பயிற்சி கொடுத்து, சாப்பாடு போட்டு, பேர் போட்ட சான்றிதழ் கொடுங்கள். சம்பளம் இல்லாமல் நம் மாணவருக்கு நேரம் தருகிறவர்கள்.

3. அனுமதி

இதைத் தாமதமாகத் தொடங்கினால் ஆகஸ்ட் வரை மாணவர்கள் வகுப்பறையில்தான் இருப்பார்கள். அரசு மருத்துவமனைக்கு இணை இயக்குநர் அலுவலகம், அரசுப் பள்ளிக்கு முதன்மைக் கல்வி அலுவலர், குழந்தைகள் இல்லத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அங்கன்வாடிக்கு ஐ.சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்ட) அலுவலகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். பெரும்பாலானவை சிவகங்கையில் இருப்பதால் ஒரே நாளில் எல்லாக் கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், குறைதீர் நாள் கூட்டத்தில் அதிகாரி யாரும் இருக்கையில் இருக்க மாட்டார்.

கடிதத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எந்தக் கிழமைகள், எத்தனை மாணவர், மாணவர் எதைச் செய்ய மாட்டார். 'நோயாளியின் பெயர், படம், ஆவணம் எதையும் வெளியே கொண்டு போகமாட்டார்' என்று எழுதிக் கொடுத்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

4. யாரை எங்கே அனுப்புவது

மதிப்பெண் வரிசைப்படி ஒதுக்குவது சுலபம், ஆனால் பயனில்லை. ஒவ்வொரு மாணவரிடமும் கால் மணி நேரம் பேசுங்கள். நம் மாணவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். காலையில் வீட்டு வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆண் மாணவர்களுக்கு உண்டு. வாரம் 2 நாள் போக்குவரத்துச் செலவு ஒரு குடும்பத்துக்குச் சுமையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசி பஸ் ஆறு மணிக்கே போய்விடும் ஊருக்கு மாணவியைத் தனியாக அனுப்ப வேண்டாம். இரண்டு பேராகப் போகட்டும்.

சொந்த ஊரில் யாரையும் போடாதீர்கள். அங்கே அவர் சமூகப்பணியாளராக இருக்க முடியாது, இன்னார் மகனாகத்தான் இருப்பார். அப்புறம் சாதி. இதை எந்தப் படிவத்திலும் எழுத மாட்டோம், ஆனால் எந்தத் தெருவில் யார் வீட்டுக்குள் போகலாம், எங்கே திண்ணையோடு நிறுத்துவார்கள், எங்கே தனி டம்ளர் வரும் என்பது மாணவருக்குப் போன முதல் நாளே தெரிந்துவிடும். அதைப் பற்றித் துறையில் பேச இடம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவமானப்பட்ட மாணவரிடம் 'பொறுத்துப் போ' என்று சொல்லும் துறை சமூகப்பணி கற்பிக்கத் தகுதியற்றது.

முதலாண்டில் ஒரு சமூகக் களமும் ஒரு நிறுவனக் களமும் எல்லாருக்கும் கிடைக்கட்டும். இரண்டாமாண்டில் சிறப்புப் பிரிவுப்படி பிரியுங்கள்: மருத்துவம், மனநலம் எடுத்தவர்கள் மருத்துவமனைக்கு, மனிதவளம் எடுத்தவர்கள் ஆலைக்கு, சமூக மேம்பாடு எடுத்தவர்கள் ஊருக்கு.

5. வாசல்படி ஏறுவதற்கு முன்

ஜூலையில் நான்கைந்து நிறுவனங்களுக்கு எல்லாரையும் ஒன்றாகக் கூட்டிப் போங்கள். திரும்பி வந்ததும் 'என்ன பார்த்தீர்கள்' என்று கேட்காமல் 'எதைக் காட்டவில்லை' என்று கேளுங்கள்.

நடிப்புப் பயிற்சி அவசியம். கதவைத் தட்டி என்ன சொல்வது? "மேடம், சர்வே எடுக்க வந்திருக்கோம்" என்றால் திறந்த கதவும் மூடும். "ஆச்சி, காலேஜ்லேருந்து வர்றோம். இந்தத் தெருவில் வயசானவங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டுப் படிக்கிறோம். ரெண்டு நிமிஷம் பேசலாமா?" என்றால் பெரும்பாலும் உட்காரச் சொல்வார்கள். நகரத்தார் வீட்டில் ஆச்சி என்றால் சரி. பக்கத்துத் தெருவில் அம்மா, அத்தை, ஐயா, அண்ணே என்று மாறும். அங்கே எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் எதையும் 'தீர்க்க' வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ரேஷன் அட்டை வாங்கித் தருகிறேன், பென்ஷன் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு டிசம்பரில் காணாமல் போகும் மாணவர்களால்தான் சில ஊர்களில் அடுத்த பேட்சுக்குத் தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை.

மூன்றாவது வாரம் மாணவர், நிறுவன மேற்பார்வையாளர், துறை மேற்பார்வையாளர் மூவரும் உட்கார்ந்து ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். இந்த செமஸ்டரில் எத்தனை தனிநபர்களோடு தொடர்ந்து வேலை, எந்தக் குழு, எந்த நாளில் மூவரும் மறுபடி சந்திப்பது. பெரிய வார்த்தை வேண்டாம்.

6. நாள்காட்டி இந்த மண்ணுடையது

பல்கலைக்கழக அட்டவணை ஊர்த் திருவிழாவைக் கேட்டுப் போடப்படுவதில்லை. தையில் பொங்கலோடு சிராவயல் மஞ்சுவிரட்டு, தைப்பூசத்துக்கு நகரத்தார் பழனிப் பாதயாத்திரை. மாசி, பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா, குன்றக்குடியில் பங்குனி உத்திரம். அந்த நாட்களில் குழுக் கூட்டம் போட்டால் காலி நாற்காலிதான் வரும். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்கள் பலகாரம் செய்யும் பெண்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்போது அவர்களோடு அடுப்படியில் உட்கார்ந்து கவனிக்கலாம், கூட்டம் கூட்ட முடியாது. மாறாக, கல்யாணத்துக்காகப் பெரிய வீடு திறந்து பிள்ளைகள் எல்லாரும் ஊருக்கு வரும் வாரம், முதியவர் பராமரிப்பைப் பற்றிக் குடும்பத்தோடு பேசக் கிடைக்கும் அரிய சந்தர்ப்பம். மாணவர் அந்தத் தேதியை முன்பே தெரிந்து வைத்திருக்கட்டும்.

7. மேற்பார்வையும் பதிவேடும்

ஓர் ஆசிரியருக்கு எட்டு மாணவர் வரை சரியாகப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் கையெழுத்துப் போடுவது மட்டும்தான் நடக்கும். வாரம் ஒரு தனிக் கலந்துரையாடல், இரண்டு வாரத்துக்கு ஒரு குழுக் கலந்துரையாடல், மாதம் ஒரு முறை நேரில் களத்துக்குப் போவது. இந்த மூன்றும் கால அட்டவணையில் வகுப்பு நேரமாகவே ஏறட்டும். 'நேரம் கிடைக்கும்போது' என்று விட்டால் கிடைக்காது.

பதிவேட்டில்தான் மாணவர் வளர்வது தெரியும். வழக்கமாக வருவது இப்படி: "இன்று முதியவர் ஒருவரைச் சந்தித்து ஆலோசனை வழங்கினேன். அவர் மகிழ்ச்சி அடைந்தார்." இதைத் திருப்பிக் கொடுங்கள். என்ன கேட்டாய், அவர் என்ன சொன்னார், உனக்கு என்ன தோன்றியது என்று மூன்று பத்தியாக எழுதச் சொல்லுங்கள். அப்போது இப்படி ஒன்று வரலாம்: "மகன் போன் பண்ணாரா என்று கேட்டேன். ஆச்சி கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசினார். நான் மறுபடி அதையே கேட்டேன். எனக்குப் பதில் வேண்டியிருந்தது, அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை." இப்படி எழுதத் தெரிந்த மாணவருக்கு அடுத்த ஒரு மணி நேரப் பேச்சு தானாக வந்துவிடும்: ஏன் அவர் பேச்சை மாற்றினார், நீ ஏன் விடவில்லை, உன் வீட்டுப் பெரியவர் யாராவது நினைவுக்கு வந்தாரா?

தமிழில் எழுத அனுமதியுங்கள். ஆங்கிலத்தில் எழுத வைத்தால் 'வழங்கினேன், அடைந்தார்' ரகம்தான் கிடைக்கும். சந்தித்தவர் சொன்ன வாக்கியம் தொலைந்துபோகும். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) ஆங்கிலச் சுருக்கம் கேட்டால் இரண்டு பக்கம் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

பெயர்கள் வேண்டாம். 'திருமதி க' போதும். ஆனால் செட்டிநாட்டு ஊர்களில் 'தேர் முட்டிக்கு எதிரே உள்ள பெரிய வீட்டு ஆச்சி' என்று எழுதினாலே ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே தெரு, வீட்டு அடையாளம், பிள்ளை எந்த நாட்டில் என்பதும் மாற்றி எழுதப்பட வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாட்டியோடு செல்ஃபி போடுவதை முதல் நாளே தடை செய்யுங்கள்.

8. சட்டம் தெரிந்திருக்க வேண்டிய இடங்கள்

மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறிய அட்டை இருக்கட்டும்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநலத்துக்கு 14416.

குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ, 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மாணவர் என்பதால் விலக்கு இல்லை. 'ரகசியம் காப்பேன்' என்று குழந்தையிடம் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை முன்பே பழக்குங்கள். மாணவர் முதலில் உங்களுக்குப் போன் செய்யட்டும், நீங்கள் உடன் நில்லுங்கள். நிறுவனத்தின் பெயர் கெடும் என்று யாராவது தள்ளிப்போடச் சொன்னால் கேட்காதீர்கள். சொல்லாமல் விடுவதும் தண்டனைக்குரியது.

முதியோர் களத்தில் இருப்பவர்கள் 2007-ம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைப் படித்திருக்க வேண்டும். விண்ணப்பம் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகும். காரைக்குடிக்காரர்களுக்கு அது தேவகோட்டை. பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழி 23-வது பிரிவில் இருக்கிறது. பராமரிப்பு நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்பது முக்கியம். ஆனால் இதை மாணவர் தானாகப் போய் ஆச்சியிடம் சொல்லி, மகன்மேல் மனுக் கொடுக்கத் தூண்டக் கூடாது. எந்தத் தாயும் அவ்வளவு எளிதில் கையெழுத்துப் போட மாட்டார். போட்டாலும் மறுநாள் அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்தான். தகவலைச் சொல்லலாம், முடிவு அவருடையது.

மாணவரின் பாதுகாப்பும் உங்கள் பொறுப்பு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா என்று அனுமதிக் கடிதம் கொடுக்கும்போதே கேளுங்கள். சின்ன நிறுவனங்களுக்கு மாவட்ட அளவிலான குழு உண்டு. புகார் வந்த அன்றே மாணவியை அந்த இடத்திலிருந்து மாற்றுங்கள், விசாரணை அப்புறம் நடக்கட்டும். மாறியதால் களப்பணி மணி நேரம் குறைந்தது என்று மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது.

9. ஊர் முகாம்

ஏழு முதல் பத்து நாள் முகாம் என்றாலே கோயில் வாசலைப் பெருக்கி, மரக்கன்று நட்டு, கலை நிகழ்ச்சி நடத்தி, குரூப் போட்டோவோடு திரும்புவது வழக்கமாகிவிட்டது. அதில் ஊருக்கும் லாபமில்லை. முகாமின் கடைசி நாளைக் கிராம சபை நாளோடு சேர்த்து வையுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 எல்லாம் செமஸ்டருக்குள் வரும். முதல் மூன்று நாள் ஊர்மக்களோடு கோலமாவில் ஊர் வரைபடம் போட்டு, கண்மாய் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்தத் தெருவில் குழாய் வரவில்லை என்று அவர்களையே குறிக்க வையுங்கள். அடுத்த நாட்களில் அதை மனுவாக எழுத உதவுங்கள். கிராம சபையில் பேசுவது ஊர்ப் பெண்கள். மாணவர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும்.

ஒரு நாள் குன்றக்குடிக்கு அழைத்துப் போங்கள். குன்றக்குடி அடிகளார் (1925–1995) மடத்திலிருந்துகொண்டே ஊருக்குத் திட்டக்குழு அமைத்து, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளையும் ஊர்மக்களையும் ஒன்றாக உட்கார வைத்தவர். மத்தியத் திட்டக்குழுவே கவனித்த முயற்சி அது. சமூக அமைப்பாக்கத்தைப் பற்றிய பாடத்துக்கு வெளிநாட்டு உதாரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. இன்றைக்கு அதில் எது மிஞ்சியிருக்கிறது, எது நின்றுபோனது, ஏன் என்று அங்கே பெரியவர்களிடம் மாணவர்கள் கேட்கட்டும்.

10. மதிப்பீடு, பிளாக் பிளேஸ்மென்ட்

செமஸ்டர் நடுவில் ஒரு மதிப்பாய்வு வையுங்கள். மூன்றாவது வாரத்து ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்து, நடக்காததற்குக் காரணம் மாணவரா, இடமா என்று பிரித்துப் பாருங்கள். இடம் என்றால் அப்போதே மாற்றுங்கள். மதிப்பெண்ணை வருகைப் பதிவு, பதிவேடு, நிறுவன மேற்பார்வையாளர் கருத்து, வைவா என்று பிரித்துப் போடுங்கள். பதிவேட்டுக்கு அதிக எடை இருக்கட்டும்.

இரண்டாமாண்டு முடிவில் வரும் ஒரு மாத பிளாக் பிளேஸ்மென்ட்டுக்கு (வகுப்பு இல்லாமல் தொடர்ந்து களத்திலேயே இருக்கும் காலத்துக்கு) மாணவர்களை மதுரை, திருச்சி, சென்னைக்கு அனுப்புவது நல்லது. வேலை தேடும் வழியும் அதுதான். தங்கும் இடம், சாப்பாட்டுச் செலவு இரண்டையும் பெற்றோரோடு பேசி முடிவு செய்த பிறகு கடிதம் கொடுங்கள்.

11. விடைபெறுவதும் ஒப்படைப்பதும்

கடைசி மூன்று வாரங்கள் விடைபெறுவதற்கு. "இந்த மாதத்தோடு என் களப்பணி முடியுது ஆச்சி, அடுத்து வர்றவங்களை நானே கூட்டிட்டு வந்து அறிமுகம் பண்றேன்" என்று மாணவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடைசி நாளில் சொன்னால் அழுகையும் கோபமும் வரும், சில வீடுகளில் அன்பளிப்பும் வரும். பணமோ புடவையோ வாங்கக் கூடாது. சீப்புச் சீடையும் மணகோலமும் கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம்.

ஒவ்வொரு களத்துக்கும் ஓர் ஒப்படைப்புக் கோப்பு வையுங்கள். எந்தெந்த வீடுகளோடு தொடர்பு, எந்த மனு எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் நிற்கிறது, மேற்பார்வையாளரின் ஓய்வு நாள் எது, எந்த வாக்குறுதி இன்னும் பாக்கி, எந்த வீட்டில் நாய் இருக்கிறது. இரண்டு பக்கம் போதும். அடையாளம் தெரியும் தகவல் இருப்பதால் கோப்பு துறையின் பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும். அடுத்த ஜூலையில் புது மாணவர் அதைப் படித்து முடித்த பிறகுதான் அவருக்குக் களக் கடிதம் கொடுங்கள்.